அத்தானின் நெஞ்சில் ஒரு மிளகு

அத்தானின் கை படாத சாமான் அக்கா வீட்டில் ஒன்றுகூட இல்லை. கை படாத என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். அடி வாங்காத என்பதுதான் சரி. தண்ணீர் மோட்டர் ஓடாவிட்டால் அதன் தலையில் மண்வெட்டிப் பிடியால் ஒன்று போடுவார். தொலைக்காட்சியில் படம் அலைந்தால் பக்கவாட்டில் ஓர் அறை. மாரி மழைக்குக் கதவு ஊறி இறுகிவிட்டால் மற்றவர்கள் விளிம்பைச் சீவுவார்கள், அவர் உதைப்பார். உதைத்து உதைத்து அந்தக் கதவின் கீழ்ப்பலகையை எத்தனையோ முறை மாற்றியாகிவிட்டது.

"அடிச்சா வழிக்கு வராத சாமான் உலகத்தில இல்ல மச்சான்" என்பார் என்னிடம். எனக்கு எரிச்சல் என்னவென்றால், பெரும்பாலும் அவை வழிக்கு வந்தன. மோட்டர் இருமித் தண்ணீர் துப்பும். படம் தெளியும். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது.

அக்காவின் இடது காதும் அப்படித்தான் போனது. கல்யாணமான புதிது. வயலுக்குப் போக வெளிக்கிட்ட நேரத்தில் சோறு ஆகவில்லை என்று ஒரே ஓர் அறை. "காதுக்குள்ள வண்டு கத்துது" என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு வண்டும் கத்தவில்லை, வேறொன்றும் கேட்கவில்லை. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக அம்மாவிடம் சொன்னாள். அம்மா நம்பியதுபோல இருந்தார். அன்றிலிருந்து அவளோடு கதைப்பதென்றால் நாங்கள் எல்லோரும் அவளுடைய வலப்பக்கம் போய் உட்காருவோம். அத்தானுக்கு அந்தக் கவலை இல்லை. அவர் எந்தப் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்கும்.

அக்கா வீடு செட்டிபாளையத்தில், வாவிக்கும் கடலுக்கும் நடுவில். அத்தான் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை ஆள். கரடியனாற்றுக்காரர். எங்கள் பக்கத்தில் வீடுவளவு பெண்பிள்ளைக்குத்தான் எழுதுவார்கள். மாப்பிள்ளை தன் உடுப்போடு வந்து பெண்ணின் வீட்டில் இருப்பார். ஆகவே அந்தக் கதவும் அந்த மோட்டரும் அவர் உதைத்த மற்ற எல்லாமும் அக்காவுக்குச் சொந்தமானவை. "வெளிக்கிடுங்க" என்று ஒரு சொல் சொன்னால் அவர் தன் உடுப்பை எடுத்துக்கொண்டு கரடியனாற்றுக்குப் போக வேண்டியதுதான். அந்த உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அடி வாங்கியதை நினைத்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. கேட்டால், "பிள்ள வளரட்டும்டா" என்பாள். பிள்ளை வளர்ந்து பத்தாம் வகுப்புக்கும் வந்துவிட்டாள்.

அவரைப் பற்றி நல்லதும் சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் என் கோபத்துக்கு மதிப்பில்லாமல் போய்விடும். வயல் வட்டையில் அவரைப்போல வேலை செய்ய ஆள் கிடையாது. ஒரு பெருவெள்ளத்தில் வாவி பெருகி வளவுகளுக்குள் வந்தபோது, பக்கத்து வீட்டுக் கிழவர் கதவைப் பூட்டிக்கொண்டு கட்டிலின் மேல் ஏறி இருந்துவிட்டார். கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார். அத்தான் கழுத்தளவு தண்ணீரில் போய்க் கதவை உடைத்து அவரைத் தோளில் தூக்கி வந்தார். நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்து மேட்டில் நின்று பார்த்தோம். எனக்கு மெய்யாகவே கண் கலங்கிவிட்டது. கிழவரை மேட்டில் இறக்கி வைத்து, மூச்சு வாங்கிவிட்டு, "கூப்பிட்ட நேரம் வந்தா என்ன?" என்று அவர் கன்னத்தில் பளார் என்று ஒன்று விட்டார் அத்தான். அதுதான் அத்தான்.

என் கல்யாண வீட்டில் பாட்டுப் பெட்டிக்காரனை அடித்தார். துறையில் தோணிக்காரனை அடித்தார். விதைநெல் மூட்டையை மிதித்தான் என்று அதே தோணியில் ஒருவனை வாவிக்குள் தள்ளிவிட்டார். கோயில் சடங்கில் மட்டும் யாரையும் அடித்ததில்லை. அங்கே கோயிலை நடத்துகிற வண்ணக்கர்மார் அவரை மடைப்பள்ளிக்கு விறகு பிளக்க விட்டுவிடுவார்கள். அவர்களுக்கு ஆளைத் தெரியும்.

அக்கா திருப்பி அடித்தது ஒரே ஒரு நாள். அன்று அவள் பின்வளவில் அரிசி மா இடித்துக்கொண்டிருந்தாள். மகள் யாரோடோ தொலைபேசியில் சிரித்துக் கதைத்தாளாம். கூடப் படிக்கிற பெண்பிள்ளையோடுதான். அத்தான் அவளைத் தலைமயிரில் பிடித்துப் பின்வளவுக்கே இழுத்து வந்தார். முகத்தில் அடித்தார். அடி காதின் பக்கம் விழுந்தது. பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டாள்.

அக்கா உலக்கையை உரலில் வைக்கக்கூட இல்லை. அப்படியே திருப்பி அவருடைய விலாவில் விட்டாள். அவர் மாச்சுளகின் மேல் விழுந்தார். மயிரெல்லாம் வெள்ளை மா. எழும்பப் பார்த்தார், முடியவில்லை.

"வெளிக்கிடுங்க" என்றாள் அக்கா. "உங்கட உடுப்ப எடுத்துக்கொண்டு இண்டைக்கே வெளிக்கிடுங்க. என்ட காது போதும். என்ட பிள்ளைட காது உங்களுக்கு இல்ல."

இதை எனக்குச் சொன்னது மகள். நான் என் ஓட்டோவோடு போய்ச் சேர்ந்தபோது அவர் மூச்சு விட முடியாமல் சுருண்டு கிடந்தார். பொய் சொல்வானேன், எனக்கு உள்ளே குளிர்ந்தது. இருந்தாலும் ஆளை அப்படியே போட்டுவிட முடியுமா? ஏற்றிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவும் வந்தாள்.

"என்ன நடந்தது?" என்று டொக்டர் கேட்டதற்கு, "லேண்ட்மாஸ்டர் ஹேண்டில் திருப்பி அடிச்சிட்டு" என்றார் அத்தான். உழவு மெஷினிடம் அடி வாங்கலாம், பெண்சாதியிடம் வாங்கியதாகச் சொல்ல முடியுமா?

படம் எடுத்தார்கள். இரண்டு விலா எலும்பில் வெடிப்பு. அது தானாகவே பொருந்திவிடும், பயமில்லை என்றார்கள். ஆனால் அடி விழாத பக்கத்தில், சுவாசப்பையின் மேற்பகுதியில், வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. அதற்குப் பெரிய ஸ்கேன் எடுத்து, நெஞ்சு நோய் டொக்டரிடம் அனுப்பினார்கள். அந்த டொக்டர் அம்மாவுக்குச் சின்ன வயது. அக்காவின் இடப்பக்கம் இருந்து விளக்கத் தொடங்கினார். அக்கா எழுந்து கதிரையை மாற்றிப் போட்டு வலப்பக்கம் உட்கார்ந்தாள். டொக்டர் அதைக் கவனித்தார்.

"சின்னக் கட்டி ஒண்டு. மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு" என்றார். "இதுகளில பெரும்பாலானது ஒண்டுமில்லாததுதான். பழைய தழும்பா இருக்கலாம். ஆனா ஐயா இவ்வளவு காலம் பீடி குடிச்சிருக்கிறார், அதால புற்றுநோய் இல்லை எண்டு இப்பவே சொல்ல மாட்டன்."

"எங்க இரிக்கு? இதிலயா?" என்று அத்தான் தன் நெஞ்சிலேயே கைமுட்டியால் குத்தினார். வெடித்த விலா எலும்பு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஐயோ என்று போட்ட சத்தத்தில் தாதி ஓடி வந்தாள். அடித்து வழிக்குக் கொண்டுவர முடியாத ஒரு சாமானை அவர் தன் வாழ்க்கையில் முதல்முதல் சந்தித்த நாள் அது.

"இப்பயே வெட்டி எடுங்க" என்றார்.

"இந்த அளவுக்கு எடுத்த உடன வெட்டுறதில்ல ஐயா. மூண்டு மாதம் பொறுத்து இன்னொரு ஸ்கேன் எடுப்பம். வளர்ந்திருந்தா முதுகுப் பக்கமா ஊசி விட்டுச் சதை எடுத்துச் சோதிக்கலாம். அதில வாற முடிவப் பாத்துத்தான் சத்திரசிகிச்சை."

வெளியே விறாந்தையில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, இந்தக் கட்டி இல்லாட்டி இண்டைக்கு வண்ணக்கரக் கூப்பிட்டு, நாலு பேருக்கு முன்னால சொல்லி இவர அனுப்பியிருப்பன்."

"இப்பயும் அனுப்பலாம்தானே?"

"வருத்தக்காரன எப்படிடா அனுப்புற? அங்க போய்ச் செத்தாரெண்டா, தகப்பனச் சாக விட்டவள்ட மகள் எண்டுதான் என்ட பிள்ளைக்குப் பேர். அவங்கட குடிச் சொந்தத்தில ஒருத்தர் அவள்ட கலியாணத்துக்கு வந்து நிப்பாங்களா? சோதிச்சு முடியட்டும். ஒண்டுமில்ல எண்டு வந்தா அண்டைக்கே அனுப்புவன்."

"புற்றுநோய் வருத்தம்தான் எண்டு வந்தா?"

"வந்தா பக்கத்தில இருந்து பாக்கிறதுதான். அவர்ட காலம் முடியுமட்டும்."

எனக்கு அழுகை வந்தது. அந்த மிளகுக்குள்தான் அவளுடைய மிச்ச வாழ்க்கை இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் சாவாரா பிழைப்பாரா என்பதல்ல என் கவலை. அவள் பிழைப்பாளா என்பதுதான்.

அக்கா அன்று வீட்டில் வைத்துச் சொன்ன "வெளிக்கிடுங்க" அத்தானுக்கும் நன்றாகவே ஞாபகம் இருந்தது. அது ஏன் நின்றுபோனது என்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு அதிக நாள் தேவைப்படவில்லை. ஆள் முரடன், முட்டாள் இல்லை. விலா ஆறியதும் பழையபடி கை நீண்டது. சோற்றுக் கோப்பை பறந்தது. வீட்டு நாய் பின்னங்காலை இழுத்துக்கொண்டு திரிந்தது. ஒரு நாள் அக்காவின் முதுகில் தேங்காய்ப் பொச்சு மட்டையால் எறிந்தார். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். உடனே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு இருமல் இருமி, "டொக்டர் என்ன சொன்னா? எனக்கு மனக்கஷ்டம் குடுக்கப்படா எண்டாதானே" என்று கட்டிலில் சாய்ந்துவிட்டார். டொக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. பீடியை விடச் சொன்னார், அதை இவர் விடவில்லை.

கரடியனாற்றிலிருந்து அவருடைய தங்கை வந்து இரண்டு நாள் நின்றாள். "கத்தி, ஊசி ஒண்டும் படப்படா. பட்டா காத்துப் பட்டுப் பரவும்" என்று போவோர் வருவோருக்கெல்லாம் சொன்னாள். டொக்டரிடம் கேட்டேன். அது பிழை, அப்படிப் பரவாது என்று தெளிவாகவே சொன்னார். தங்கையிடம் போய்ச் சொன்னதற்கு, "டொக்டர்மார் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று முடித்துவிட்டாள்.

அக்கா கண்ணகியம்மன் கோயிலில் நேர்த்தி வைத்தாள். புருசனுக்கு ஒன்றும் இருக்கக்கூடாது, குளிர்த்திச் சடங்குக்குப் பொங்கல் வைக்கிறேன் என்று. அதைக் கேட்டு ஊரே உருகியது. இவ்வளவு அடி வாங்கியும் என்ன பாசம் பார் என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அந்த ஊரில் அத்தானின் நல்ல சுகத்துக்காக அக்காவைப்போல உண்மையாக மன்றாடிய ஆள் வேறு யாரும் இல்லை என்பது சத்தியம்தான். ஏன் என்பது எனக்கும் அம்மனுக்கும் மட்டும் தெரியும்.

மூன்று மாதம் கழித்து இரண்டாவது ஸ்கேன். முடிவு ஒரு பக்கமும் சாயவில்லை. கொஞ்சம் வளர்ந்த மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. டொக்டர் இரண்டு வழியையும் முன்னால் வைத்தார். ஊசி விட்டுப் பார்க்கலாம். அதில் சிலருக்குச் சுவாசப்பையில் காற்றுக் கசியும், ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். விருப்பமில்லையென்றால் இன்னும் சில மாதம் பொறுத்து மறுபடி ஸ்கேன். என்னைக் கேட்டால் ஊசியைத்தான் சொல்வேன், ஆனால் முடிவு ஐயாவுடையது என்றார்.

"ஊசி" என்றாள் அக்கா.

"பொறுப்பம்" என்றார் அத்தான்.

பொறுப்பமாம்! தேத்தண்ணி ஆறும்வரை பொறுக்காத மனிதன், சுடுகிறது என்று கோப்பையைச் சுவரில் அடிக்கிற மனிதன், பொறுமையைப் பற்றி டொக்டருக்கே வகுப்பெடுத்தார். எனக்கு அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. உலுக்கினால் வருத்தக்காரனை அடித்தவன் என்று எனக்குப் பேர் வரும். அந்தக் கட்டி எங்கள் எல்லோருடைய கையையும் கட்டிப்போட்டிருந்தது.

அக்கா அதற்குப் பிறகு வற்புறுத்தவில்லை. எனக்கு அது விளங்கவில்லை. "நீ சண்டை பிடிச்சாத்தான் அவருக்கு வசதி. ஊர் பாத்துக்கொள்ளும், நீ சும்மா இரி" என்றாள்.

ஊர் என்ன செய்தது என்றால், அவரோடு சண்டை பிடிப்பதை நிறுத்தியது. முதலில் அவருக்கு அது தெரியவில்லை. தோணியில் எழும்பி இடம் கொடுத்தார்கள். கடையில் அவர் மேசையில் குத்தினால், "பாவம், குடுத்து அனுப்பு" என்று முதலாளி உள்ளே சொன்னார். அந்தப் போக அறுவடைக்கு வெட்டு மெஷின் பிந்தி வந்தது. வரம்பில் காத்து நின்ற அத்தான் ஓடிப்போய் மெஷின்காரனை ஆசனத்திலிருந்து இழுத்து விழுத்தினார். அவன் ஏறாவூர்ப் பக்கத்து ஆள், தோளும் மார்புமாக நல்ல திடகாத்திரம். எழும்பி வந்தான் என்றால் அத்தானை ஒரு கையால் தூக்கி வைப்பான். நான் அன்று வட்டையில் நின்றேன். வரப்போகிறது ஒரு வெட்டுக்குத்து என்று இடையில் புகத் தயாரானேன்.

அவன் எழுந்து சாரத்தில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டு, அண்ணனைக் கூப்பிடுவதுபோலக் காக்கா என்று கூப்பிட்டான். "உங்களுக்கு வருத்தம் எண்டு சொன்னாங்க காக்கா. வருத்தக்கார மனிசனோட எனக்கென்ன சண்ட? அல்லாஹ் சுகத்தத் தரட்டும். நிழலுக்குப் போய் இரிங்க" என்றான். மெஷினில் ஏறி வேலையைத் தொடங்கிவிட்டான்.

அத்தான் உயர்த்திய கையோடு நின்றார். "வாடா! இறங்கி வாடா! அடிடா என்ன!" என்று மெஷின் சத்தத்துக்கு மேலால் கத்தினார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மண்ணை அள்ளி மெஷினுக்கு எறிந்தார். பிறகு தன் தலையில் தானே அடித்தார், கன்னம் கன்னமாக. அப்படி ஒரு மனிதன் தன்னைத்தானே அடிப்பதை நான் கண்டதில்லை. நான்தான் போய்க் கையைப் பிடித்தேன். பிடித்த என் கையை அவர் இறுகப் பற்றிக்கொண்டார். பயம் என்று ஒன்று அவருக்குள் இருந்ததையும் அன்றைக்குத்தான் கண்டேன். பாவமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவைப் பார்த்து, "குத்தட்டும்" என்றார். "ஊசிய விட்டுப் பாக்கட்டும். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல எண்டு இந்த ஊருக்குத் தெரியணும்."

"உங்கட விருப்பம்" என்றாள் அக்கா.

ஊசி விட்ட அன்று, கூட்டிப் போகும் வழியில் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தவர் அறைக் கதவு வரைக்கும் விடவில்லை. உள்ளே கவிழ்த்துப் படுக்க வைத்து, ஸ்கேனில் பார்த்துப் பார்த்து முதுகால் ஊசியை விட்டார்களாம். மூச்சை அடக்கு என்றால் அடக்கி, விடு என்றால் விட்டு, சொன்னபடி கேட்டாராம். காற்றுக் கசியவில்லை. அடுத்த நாள் வீட்டுக்கு விட்டார்கள். அக்காவின் மணிக்கட்டில் அவருடைய விரல்கள் நீலமாகக் கிடந்தன. அடிக்காமலே கன்ற வைக்க அவரால்தான் முடியும்.

முடிவு கேட்கப் போன காலையில் அக்கா ஒரு பெட்டியைக் கொண்டுவந்து ஓட்டோவின் பின்பக்கம் வைத்தாள். ஆஸ்பத்திரியில் மறித்துத் தங்க வைத்துவிட்டால் உடுப்பு வேண்டுமே என்றுதான் நானும் நினைத்தேன். டொக்டர் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். புற்றுநோய் இல்லை. எப்போதோ வந்து தெரியாமலே ஆறிய காசத்தின் தழும்பு. இப்போது அந்தக் கிருமியும் இல்லை. "ஒரு வருசம் கழிச்சு ஒரு ஸ்கேன் எடுத்தாப் போதும். பீடிய மட்டும் விடுங்க ஐயா" என்றார்.

அத்தான் மேசையில் அறைந்தார். "நான் அண்டைக்கே சொன்னன்தானே!" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. டொக்டர் அவளுடைய தோளைத் தட்டி, "இனிப் பயப்பட ஒண்டுமில்லை அம்மா" என்றார்.

ஓட்டோவில் ஏறும்போதே அத்தானின் குரல் பழைய குரலாகிவிட்டது. இனி யார் யாரை எப்படி வைத்துக்கொள்ளப் போகிறார் என்று சொல்லிக்கொண்டு வந்தார். மெஷின்காரன் முதல். பிறகு கடை முதலாளி. "மறுகா வீட்டுக்குள்ள ஒரு வேல கிடக்கு" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். கல்லடிப் பாலத்துக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. அக்கா முன்னால் குனிந்து, "தம்பி, நேர விடு. கரடியனாத்துக்கு" என்றாள். நான் பாலத்துப் பக்கம் திருப்பாமல் நேரே விட்டேன்.

ஏறாவூர் தாண்டும்போதுதான் அவர் வெளியே பார்த்தார்.

"எங்கடா போறாய்?"

"அக்கா சொன்ன இடத்துக்கு."

பின்னாலிருந்து என் பிடரியில் அடித்தார். ஓட்டோ வெட்டி எதிரே வந்த லொறியின் பக்கம் போனது. எப்படித் திருப்பினேன் என்று எனக்கே தெரியாது. செங்கலடிச் சந்தியில் ஓரங்கட்டினேன். அவர் இறங்கி என் கழுத்துச் சட்டையைப் பிடித்தார். இந்த முறை நானும் அவருடைய கையை முறுக்கிப் பிடித்தேன். ஆட்கள் கூடினார்கள். அக்கா மெல்ல இறங்கினாள்.

"அவன விடுங்க. அடிக்கிறதெண்டா என்ன அடிங்க. இந்தச் சனத்துக்கு முன்னால அடிங்க. அடிச்சு முடிச்சிட்டு ஏறுங்க, உங்கட உடுப்பெல்லாம் பின்னால இரிக்கு. இனி என்ட வீட்டுப் படிக்கு நீங்க வரப்படா. வண்ணக்கருக்கும் சொல்லிப்போட்டன்."

கூட்டத்தில் ஒருவரும் "பாவம்" என்று சொல்லவில்லை. எல்லோரும் அவருடைய கையைத்தான் பார்த்தார்கள். அவர் என் சட்டையை விட்டார். பிறகு ஏறி உட்கார்ந்தார்.

கரடியனாற்றில் தங்கையின் வளவு வாசலில் பெட்டியை நான்தான் இறக்கி வைத்தேன். தங்கை அடுப்படியிலிருந்து பதறி ஓடி வந்தாள். அண்ணனையும் பெட்டியையும் பார்த்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள்.

"ஐயோ மச்சாள், டொக்டர் என்ன சொன்னாங்க?"

"நல்ல சேதிதான் மச்சாள்" என்றாள் அக்கா. "ஒரு வருத்தமும் இல்லையாம். அதுதான் கொண்டுவந்து விட்டுட்டுப் போறன்."